வால்வு கிட்டார் ஆம்ப் ஊமையானால்: அறிகுறி வழியே பழுதைத் தேடும் முறை

ஒரு சிறிய வால்வு ஆம்ப்ளிஃபையரை வீட்டில் கட்டி முடித்த எவருக்கும், கிட்டாரை மாட்டி, சுவிட்சைப் போட்டு, தந்தியை மீட்டியும் ஒன்றுமே கேட்காத ஒரு மாலை என்றைக்காவது வந்தே தீரும். அப்போது பெரும்பாலோர் முதலில் செய்வது புது வால்வு வாங்குவது. நான் கட்டிய மூன்று ஆம்ப்களிலும், நண்பர்கள் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தவற்றிலும் ஒலி நின்றுபோன ஒவ்வொரு முறையும் காரணத்தை ஒரு நோட்டில் எழுதி வந்திருக்கிறேன். அவற்றுள் வால்வு உண்மையிலேயே செத்திருந்தவை மிகச் சில. மற்றவை ஜாக்கின் வளைந்த தகட்டிலும், கறுத்துப்போன சாக்கெட்டிலும், ஈயம் சரியாகப் பற்றாத இணைப்பிலும், உள்ளே தொடர்பு அறுந்து திறந்துபோன ஒரு ரெசிஸ்டரிலும் போய் முடிந்தன. ஆகவே கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தில் தொடங்கி, டிரான்ஸ்ஃபார்மர் மாற்ற வேண்டிய இடம் வரை வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

இங்கே வரும் அளவுகள் எல்லாம் ஃபெண்டரின் சாம்ப் 5எஃப்1 சுற்றைச் சார்ந்தவை. 1950களில் வந்த அந்தச் சுற்றில் ஒலியைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7, வெளியீட்டுக்கு ஒரு 6வி6ஜிடி, மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக்கும் ரெக்டிஃபையராக ஒரு 5ஒய்3ஜிடி என்று மூன்றே வால்வுகள் உண்டு. ஸ்பீக்கருக்கு ஏறத்தாழ 5 வாட் கிடைக்கும். பாகங்கள் குறைவு என்பதால் முதன்முதலாகக் கட்டுபவர்கள் இதையே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். உங்களுடையது வேறு சுற்றாக இருந்தால் எண்கள் மாறும், தேடும் வரிசை மாறாது.

திறப்பதற்கு முன்

இந்த ஆம்ப்பின் உள்ளே 340 வோல்ட் அளவில் நேர்மின்னழுத்தம் இருக்கிறது. வால்வு ரேடியோ மெக்கானிக்குகள் அதை ஹெச்.டி. (ஹை டென்ஷன், உயர் மின்னழுத்தம்) என்பார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், அந்த மின்னழுத்தத்தைச் சீராக்கும் ஃபில்ட்டர் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஒலி நின்றுபோன ஆம்ப்பில் அதிக நேரம் தங்கியிருக்கும், ஏனென்றால் அந்த மின்னேற்றத்தை வடியச் செய்யும் வால்வு வேலை செய்யாமல் நின்றிருக்கக்கூடும். எனவே திறந்தவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் காப்பிடப்பட்ட கிளிப் வயர் பொருத்தி, ஒரு முனையைச் சேசிஸிலும் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) மறு முனையைக் கெபாசிட்டரின் நேர்முனையிலும் சில விநாடிகள் வைத்து வடிப்பதாகும். அதன்பின் மல்டிமீட்டரால் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மூன்று கெபாசிட்டர்களையும் தனித்தனியே அளக்க வேண்டும். அவற்றை இணைக்கும் ரெசிஸ்டர் திறந்துபோயிருந்தால், முதலாவது வடிந்தபின்னும் மூன்றாவது முழு மின்னேற்றத்துடன் காத்திருக்கும்.

மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால், மீட்டரின் கறுப்பு முனையைச் சேசிஸில் கிளிப் போட்டு நிலைநிறுத்திவிட்டு, சிவப்பு முனையை ஒரு கையால் மட்டும் பிடிக்க வேண்டும்; மற்றொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். செருப்புடன், காய்ந்த தரையில் நில்லுங்கள். மீட்டரும் அதன் வயர்களும் 600 வோல்ட்டுக்கு மேல் தாங்கக்கூடியவையாக இருப்பது கட்டாயம்.

இன்னொன்று, ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்காக: ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்ப்பை ஓட்டக் கூடாது. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் ஒலி வரும் தருணத்தில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பைத் துளைத்துவிடக்கூடும். சின்னப் பழுதைத் தேடப்போய் பெரிய செலவை வரவழைத்துக்கொள்வீர்கள். ஸ்பீக்கர் வேண்டாம் என்றால் அதே ஓம் மதிப்புள்ள 10 வாட் ரெசிஸ்டரையாவது மாட்டுங்கள்.

எந்த வகை மௌனம்?

பெட்டியைத் திறக்காமலேயே பாதி விடை கிடைத்துவிடும். கிட்டாரைக் கழற்றிவிட்டு, ஆம்ப்பைப் போட்டு ஒரு நிமிடம் பொறுத்து, ஸ்பீக்கர் அருகே காதை வைத்துக் கேளுங்கள். வால்வுகளின் ஒளியையும் பாருங்கள். விளக்கும் வால்வும் எரியவில்லை என்றால் முதல் அறிகுறிக்குப் போகவும். வால்வுகள் எரிந்தும் ஸ்பீக்கரில் துளி ஹம் (சீரான உறுமல்) கூட இல்லையென்றால் இரண்டாவது. மெல்லிய ஹம் இருந்து கிட்டார் மட்டும் கேட்கவில்லை என்றால் மூன்றாவது. முதலில் நன்றாக இருந்து சூடேறியபின் நின்றால் நான்காவது. ஒலி வந்தும் மெலிந்து கரகரத்தால் ஐந்தாவது. ஃபியூஸ் போய்விட்டிருந்தால் நேராகக் கடைசிக்குப் போங்கள். வேறு எதையும் முயல வேண்டாம்.

அறிகுறி 1: விளக்கும் இல்லை, வால்வு ஒளியும் இல்லை

சுவரில் உள்ள பிளக் பாயிண்டில் வேறொரு விளக்கை மாட்டிப் பாருங்கள். அடுத்து மின்வயர். அதன்பின் ஃபியூஸ், அதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மீட்டரால் அளக்க வேண்டும். மூடியின் உள்ளே அறுந்த கம்பி கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸ் போயிருந்தால் அறிகுறி 6. நன்றாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கி வைத்துவிட்டு, சுவிட்சைப் போட்ட நிலையில், பிளக்கின் ஃபேஸ், நியூட்ரல் முனைகளுக்கு இடையே ஓம் அளவு எடுங்கள். சில பத்து ஓம் காட்டினால் சுவிட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மின்சாரம் நுழையும் கம்பிச்சுருள்) மூன்றும் தொடர்ச்சியாக உள்ளன. எல்லையற்ற மதிப்பு காட்டினால், இடையிலுள்ள ஒவ்வொரு இணைப்பையும் தாண்டித் தாண்டி அளந்து அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வால்யூம் கன்ட்ரோலோடு சேர்ந்த சுவிட்சைப் பயன்படுத்தியிருப்பவர்கள் முதலில் அதையே சந்தேகிக்கலாம்.

டிரான்ஸ்ஃபார்மரின் வயர் நுனியிலேயே பிரைமரி திறந்திருந்தால் அது உங்கள் கையில் இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் சுற்றுபவரிடம் கொண்டுபோக வேண்டியதுதான். பைலட் விளக்கு மட்டும் அணைந்து வால்வுகள் எரிந்தால், அது வெறும் பல்பு. உங்கள் பழுது வேறிடத்தில் இருக்கிறது.

அறிகுறி 2: வால்வுகள் எரிகின்றன, ஸ்பீக்கரில் மயான அமைதி

மிக மலிவான காரணம் ஸ்பீக்கர் பக்கம் இருக்கிறது. ஆம்ப்பை அணைத்து, ஸ்பீக்கர் வயரின் ஜாக்கைக் கழற்றி அதன் இரு முனைகளுக்கிடையே ஓம் அளவு எடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 முதல் 7 வரையும், 4 ஓம் ஸ்பீக்கர் 3 முதல் 3.5 வரையும் காட்டும். பூஜ்யம் என்றால் வயரில் ஷார்ட். எல்லையற்றது என்றால் வயரோ வாய்ஸ் காயிலோ அறுந்திருக்கிறது. ஒரு 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டெடுத்தால் 'டப்' என்ற ஒலியோடு கோன் அசைய வேண்டும். கிட்டார் வயரையே ஸ்பீக்கர் வயராகப் பயன்படுத்துவது பலரிடம் உள்ள வழக்கம். அதன் மெல்லிய உள்கம்பி மடிப்பில் அறுந்துபோய், ஆம்ப்பைத் திறந்து இரண்டு மணி நேரம் தேடியபின் தெரியவந்த நிகழ்வு என் நோட்டில் இரண்டு முறை இருக்கிறது.

ஸ்பீக்கர் நலம் என்றால் இனி ஹெச்.டி. உள்ளே வருகிறதா என்று பார்க்க வேண்டும். நேர்மின்னழுத்த அளவில் மீட்டரை வைத்து, முதல் ஃபில்ட்டர் கெபாசிட்டரின் நேர்முனையை அளக்கவும். 320 முதல் 360 வோல்ட் வரை இருந்தால் ரெக்டிஃபையர் வேலை செய்கிறது. இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரிகிறது.

முதல் கெபாசிட்டரில் ஒன்றும் இல்லையென்றால்

ஸ்டாண்ட்பை சுவிட்ச் (வால்வுகளைச் சூடாக வைத்து ஹெச்.டி.யை மட்டும் நிறுத்துவது) வைத்துக் கட்டியிருந்தால் முதலில் அதைப் பாருங்கள். மூலச் சுற்றில் அது கிடையாது. நாமாகச் சேர்ப்பது, சேர்த்ததால் வரும் பழுதும் நம்முடையதே. பிறகு 5ஒய்3 எரிகிறதா என்று பார்க்கவும். எரியவில்லையென்றால், அணைத்து வடித்தபின், வால்வைக் கழற்றி அதன் 2, 8 பின்களுக்கிடையே ஓம் அளவு எடுக்கலாம். ஓரிரு ஓம் காட்ட வேண்டும். சாக்கெட்டில் 5 வோல்ட் வருகிறதா என்று மின்சாரத்தோடு அளக்க நினைப்பவர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: அந்த 5 வோல்ட் சுற்று, வால்வு வேலை செய்யும்போது ஹெச்.டி.யின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. ஐந்து வோல்ட்தானே என்று தொடுபவர் 340 வோல்ட்டைத் தொடுகிறார்.

வால்வு எரிந்தும் ஹெச்.டி. இல்லையென்றால், வீட்டில் கட்டிய ஆம்ப்பில் நான் முதலில் பார்ப்பது பவர் டிரான்ஸ்ஃபார்மரின் ஹெச்.டி. கம்பிச்சுருளின் நடுமுனை சேசிஸில் பற்றியிருக்கும் இடத்தை. அணைத்து, வடித்து, வால்வைக் கழற்றிவிட்டு, 5ஒய்3 சாக்கெட்டின் 4ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கும், 6ஆம் பின்னிலிருந்து சேசிஸுக்கும் ஓம் அளவு எடுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மதிப்பைக் காட்ட வேண்டும். 4க்கும் 6க்கும் இடையே அளவு காட்டி, இரண்டிலிருந்தும் சேசிஸுக்கு ஒன்றும் காட்டாவிட்டால் நடுமுனை விட்டுப்போயிருக்கிறது. நம் ஊரில் சுற்றி வாங்கும் டிரான்ஸ்ஃபார்மர்களில் சிலவற்றின் முனைகள் எனாமல் கம்பியாகவே வெளியே வரும். எனாமலை முழுமையாகச் சுரண்டாமல் ஈயம் வைத்தால், பார்வைக்கு அழகான இணைப்பாகவும் உள்ளே பாதி தொட்டும் தொடாமலும் இருந்து, சில மாதங்கள் வேலை செய்து நின்றுவிடும்.

முதல் கெபாசிட்டரில் ஹெச்.டி. இருக்கிறது என்றால்

6வி6 சாக்கெட்டுக்குப் போங்கள். 3ஆம் பின் பிளேட், 4 ஸ்கிரீன், 5 கிரிட், 8 கேத்தோடு. கேத்தோடிலிருந்து எலக்ட்ரான்கள் பிளேட்டுக்குப் போகின்றன; ஸ்கிரீன் அவற்றை இழுக்க உதவுகிறது, கிரிட்டில் வரும் சிக்னல் அவற்றைக் கட்டுப்படுத்துகிறது. பிளேட்டில் முதல் கெபாசிட்டரைவிடச் சில வோல்ட் குறைவாகவும், ஸ்கிரீனில் 290 முதல் 320 வரையும், கேத்தோடில் 17 முதல் 22 வரையும் இருக்க வேண்டும்.

பிளேட்டில் பூஜ்யமும் ஸ்கிரீனில் முழு அளவும் இருந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பிளேட் வாங்க வேண்டிய மின்னோட்டத்தின் பளு ஸ்கிரீன் மேல் விழுகிறது. அந்த மெல்லிய கம்பிச் சுருள் சிவந்து எரியும், நல்ல வால்வும் சில நிமிடங்களில் கெட்டுவிடும். காரணம் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி அல்லது அதன் முனையிலுள்ள இணைப்பு. அணைத்து வடித்தபின் அளந்தால் பிரைமரி சில நூறு ஓம் காட்ட வேண்டும். இணைப்பைத் திரும்ப ஈயம் வைத்தும் எல்லையற்றதாகவே இருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இந்த ஆம்ப்பிலேயே விலையுயர்ந்த பாகங்களில் ஒன்று இது என்பதால், முடிவு செய்யுமுன் அளவை வயரின் நுனியிலல்ல, கம்பிச்சுருளிலிருந்து வயர் வெளிவரும் இடத்திலேயே எடுத்து உறுதிசெய்யுங்கள்.

ஸ்கிரீனில் பூஜ்யம் என்றால், முதல் கெபாசிட்டருக்கும் இரண்டாவதற்கும் நடுவே உள்ள 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது. மலிவான பாகம், ஆனால் மாற்றுவதற்குமுன் இரண்டாவது கெபாசிட்டர் ஷார்ட் ஆகவில்லை என்று அளந்து பாருங்கள், இல்லாவிட்டால் புது ரெசிஸ்டரும் கருகும்.

பிளேட்டும் ஸ்கிரீனும் சரியாக இருந்து கேத்தோடில் 40, 50 வோல்ட் அல்லது அதற்கு மேல் காட்டினால், 470 ஓம் கேத்தோடு ரெசிஸ்டர் திறந்துவிட்டது. அதன் குறுக்கே இருக்கும் 25 வோல்ட் கெபாசிட்டர் அந்த அழுத்தத்தைத் தாங்காது. இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். கேத்தோடில் பூஜ்யமாகவும் பிளேட் சிவக்காமலும் இருந்தால் வால்வில் மின்னோட்டமே ஓடவில்லை. அப்போதுதான் முதன்முதலாக வால்வைச் சந்தேகிக்க வேண்டும். அதுவும் சாக்கெட்டைச் சுத்தம் செய்தபிறகு. பிளேட் சிவந்தால் அறிகுறி 6இல் சொல்லியிருக்கிறேன்.

அறிகுறி 3: ஹம் கேட்கிறது, கிட்டார் கேட்கவில்லை

என் நோட்டில் பாதிப் பக்கங்கள் இந்த ஒன்றுக்குத்தான் போயிருக்கின்றன. நல்ல செய்தி என்னவென்றால், ஹம் கேட்பதாலேயே மின்வழங்கல், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கர் என்ற விலையுயர்ந்த பகுதி அநேகமாக நலமாக இருக்கிறது. பழுது 6வி6க்கும் கிட்டாருக்கும் நடுவே எங்கோ இருக்கிறது.

கிட்டாரும் வயரும்

கிட்டாரின் வால்யூமை முழுவதும் திறந்து, வயரை மாட்டி, வயரின் மறுமுனை ஜாக்கில் நுனிக்கும் உடலுக்கும் இடையே ஓம் அளவு எடுங்கள். பேட்டரி இல்லாத சாதாரணப் பிக்கப் 5 முதல் 15 கிலோ ஓம் வரை காட்டும். பூஜ்யமோ எல்லையற்றதோ காட்டினால் ஆம்ப்பைத் திறக்கவே தேவையில்லை. வயரை ஆட்டிக்கொண்டே அளப்பது நல்லது.

உள்ளீட்டு ஜாக்

இந்தச் சுற்றின் உள்ளீட்டு ஜாக்குகளில், வயர் மாட்டாதபோது சிக்னல் முனையைத் தரையோடு இணைத்து இரைச்சலை அடக்கும் ஒரு தகடு உண்டு. வயரை மாட்டியதும் அந்தத் தகடு விலக வேண்டும். அது வளைந்து ஒட்டிக்கொண்டாலோ, அதன் நடுவே ஈயத் துளி விழுந்திருந்தாலோ, சிக்னல் அங்கேயே தரைக்குப் போய்விடும். ஆம்ப் மெல்லிய ஹம்மோடு, அழகாக, ஒன்றும் செய்யாமல் இருக்கும். மறுமுனையில் கிட்டார் இல்லாத ஒரு நல்ல வயரை மாட்டி அதன் நுனிக்கும் உடலுக்கும் இடையே அளந்தால், முதல் உள்ளீட்டில் 1 மெகா ஓம், இரண்டாவதில் 136 கிலோ ஓம் வர வேண்டும். ஆம்ப் அணைந்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பூஜ்யம் என்றால் தகடு. 1 மெகா ஓமுக்குப் பதில் எல்லையற்றது என்றால் ரெசிஸ்டரின் தரை இணைப்பு விட்டிருக்கிறது.

'டொக்' ஒலியைப் பின்தொடர்தல்

இதுவரை எல்லாம் சரி என்றால், மின்சாரத்தோடு தேட வேண்டும். வால்யூமைப் பாதிக்கு மேல் திறந்து வையுங்கள். மீட்டர் முனை ஒரு பின்னைத் தொடும் தருணத்தில் அங்கே ஏற்படும் சிறு அதிர்வை, அதற்குப் பின்னுள்ள கட்டங்கள் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும். அது 'டொக்' என்று கேட்கும். தனிக் கருவி எதுவும் இல்லாமல் பழுதின் இடத்தைச் சுட்டிக்காட்டும் முறை இது. வெளியீட்டிலிருந்து உள்ளீட்டை நோக்கிப் பின்னோக்கிப் போக வேண்டும்.

6வி6இன் 5ஆம் பின்னைத் தொட்டால் மெல்லிய ஒலி வரும். அடுத்து 12ஏஎக்ஸ்7இன் இரண்டாம் கட்டத்தின் பிளேட்டான 6ஆம் பின், அதன் கிரிட்டான 7, பிறகு முதல் கட்டத்தின் பிளேட்டான 1, கடைசியாக அதன் கிரிட்டான 2. என் கட்டுமானத்தில் 1, 2, 3 முதல் கட்டம்; உங்களுடையதில் இரண்டும் இடம் மாறியிருக்கலாம், வரைபடத்தைப் பாருங்கள். பின்னால் போகப் போக ஒலி பெரிதாக வேண்டும். எந்தப் பின்னில் ஒலி திடீரென மறைகிறதோ, அதற்கும் முன்பு ஒலித்த பின்னுக்கும் இடையில்தான் பழுது. 6இல் ஒலித்து 7இல் ஒலிக்காவிட்டால் இரண்டாம் கட்டமே வேலை செய்யவில்லை. 7இல் ஒலித்து 1இல் ஒலிக்காவிட்டால், நடுவேயுள்ள 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரோ வால்யூம் கன்ட்ரோலோ காரணம்; கன்ட்ரோலைச் சுழற்றும்போது கரகரப்பு வந்து போனால் கார்பன் தடத்தில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. இந்த வால்வின் பின்கள் நெருக்கமாக இருப்பதால், மீட்டர் முனையில் நுனி மட்டும் தெரியும்படி காப்புக் குழாய் போட்டுக்கொள்ளுங்கள். பிளேட்டும் கிரிட்டும் ஷார்ட் ஆனால் கேட்பது 'டொக்' அல்ல.

அளவுகளைப் படித்தல்

இடம் தெரிந்தபின் அந்தக் கட்டத்தின் மின்னழுத்தங்களை அளக்க வேண்டும். பிளேட்டில் 150 முதல் 200 வரையும், கேத்தோடான 3, 8ஆம் பின்களில் 1.2 முதல் 1.6 வரையும் எதிர்பார்க்கலாம். இரண்டு கட்டத்தின் பிளேட்டிலும் பூஜ்யம் என்றால், இரண்டாவது கெபாசிட்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே உள்ள 22 கிலோ ஓம் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது. இந்த அறிகுறிக்கு இது மிகவும் வழக்கமான காரணம், ஏனென்றால் அப்போதும் 6வி6 தனியாக ஹம் எழுப்பிக்கொண்டிருக்கும். ஒரு பிளேட்டில் மட்டும் பூஜ்யம் என்றால் அதன் 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் அல்லது அதன் இணைப்பு.

பிளேட் மின்னழுத்தம் குறையாமல் மூன்றாவது கெபாசிட்டரில் இருப்பதே அப்படியே இருந்தால் அந்தக் கட்டத்தில் மின்னோட்டம் இல்லை. கேத்தோடிலும் பூஜ்யம் என்றால் ஹீட்டரை (வால்வைச் சூடாக்கும் இழை) பாருங்கள்: 12ஏஎக்ஸ்7இன் ஹீட்டர் இரண்டு பாதிகளாக இருக்கிறது, 6.3 வோல்ட்டில் ஓட்டும்போது 4, 5 பின்களை ஒன்றாக இணைத்து, மறுமுனையை 9இல் கொடுக்க வேண்டும். 4க்கும் 5க்கும் இடையேயுள்ள சிறு இணைப்புக் கம்பி விட்டுப்போனால் ஒரு பாதி மட்டும் எரியும். இருட்டில் பார்த்தால் தெரியும். கேத்தோடில் சில வோல்ட் மிகையாகக் காட்டினால் அதன் 1.5 கிலோ ஓம் ரெசிஸ்டர் திறந்திருக்கிறது. எல்லாம் சரியாக இருந்தும் மின்னோட்டம் இல்லாவிட்டால் மட்டுமே வேறு 12ஏஎக்ஸ்7 போட்டுப் பாருங்கள்.

அறிகுறி 4: பத்து இருபது நிமிடம் ஒலித்து நின்றுவிடுகிறது

சூடேறினால் விலகி, ஆறினால் ஒட்டும் ஏதோ ஓர் இணைப்பு இருக்கிறது. நான் முதலில் கட்டிய ஆம்ப் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஊமையாகும். மூன்று 6வி6 மாற்றினேன், ஒன்றும் பயனில்லை. கடைசியில், 5ஆம் பின்னிலிருந்து தரைக்குப் போகும் 220 கிலோ ஓம் ரெசிஸ்டரும், முந்திய கட்டத்திலிருந்து ஒலியை மட்டும் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரும் சேரும் முனையில் ஈயம் மங்கலாக, மணல் தன்மையோடு இருந்தது தெரியவந்தது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துப் புதிதாக வைத்ததும் பழுது தீர்ந்தது.

ஒலி நின்ற நிலையிலேயே அணைக்காமல், நன்கு காய்ந்த நீளமான மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் மெதுவாகத் தட்டுங்கள், தள்ளுங்கள். எதைத் தொட்டால் ஒலி திரும்புகிறதோ அதுவே குற்றவாளி. உலோகமோ பென்சிலோ ஆகாது. பென்சிலின் கிராஃபைட் மின்சாரத்தைக் கடத்தும். இணைப்புகளுக்கு அடுத்தபடி வால்வு சாக்கெட்டுகள். கடலோர ஊர்களில் உப்புக்காற்றுப் பட்டு வால்வின் பின்கள் கறுத்துவிடுகின்றன. அணைத்து வடித்து, கான்டாக்ட் கிளீனர் தெளித்து, வால்வை நான்கைந்து முறை ஏற்றி இறக்கினால் பெரும்பாலும் போதும். தளர்ந்த பிடியை மெல்லிய ஊசியால் நெருக்கலாம். பீங்கான் சாக்கெட்டில் அவசரப்பட்டால் உடைந்துவிடும்.

தட்டியும் பயனில்லாமல், ஒலி நின்ற ஒவ்வொரு முறையும் 6வி6இன் பிளேட் மின்னழுத்தம் மட்டும் மறைந்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள்ளேயே முறிவு இருக்கிறது. அதை வீட்டில் சரிசெய்ய இயலாது.

அறிகுறி 5: ஒலி மெலிந்து கரகரக்கிறது

கோனை விரல்களால் மென்மையாக உள்ளே அழுத்தி, உரசல் இருக்கிறதா என்று கேளுங்கள். உரசினால் ஸ்பீக்கர்தான். இல்லையென்றால் 6வி6இன் 5ஆம் பின்னை அளக்கவும். அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். ஒரு வோல்ட் நேர்மின்னழுத்தம் காட்டினாலும் அந்தப் பின்னுக்கு ஒலியைக் கொண்டுவரும் 0.022 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் கசிகிறது. பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய காகிதக் கெபாசிட்டர்களில் இது வழக்கம். 600 வோல்ட் ஃபிலிம் வகை வாங்கிப் போட்டுவிடுங்கள், அழகுக்காகப் பழையதை வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

அடுத்து ஹீட்டர் மின்னழுத்தம். 6.3 வோல்ட்டிலிருந்து பத்து சதவீதம் வரை ஏறலாம் இறங்கலாம். நம் வீட்டு 230 வோல்ட் சில நேரங்களில் 250ஐத் தொடும். 220 வோல்ட்டுக்குச் சுற்றிய டிரான்ஸ்ஃபார்மரில் அப்போது ஹீட்டர் 7 வோல்ட்டைத் தாண்டி, வால்வின் ஆயுள் குறையும். மாறாக 5.5க்குக் கீழே இருந்தால் ஒலி மெலியும். இவை எல்லாம் சரியாக இருந்து கேத்தோடு மின்னழுத்தம் 14, 15க்கு இறங்கியிருந்தால் 6வி6 தேய்ந்துவிட்டது.

அறிகுறி 6: ஃபியூஸ் போய் ஒலி நின்றது, அல்லது 6வி6 பிளேட் சிவக்கிறது

பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். இந்த அளவுள்ள ஆம்ப்புக்கு 230 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர் ஸ்லோ ப்ளோ (சற்றுத் தாமதித்து அறும்) ஃபியூஸ் போதும். அதைவிடப் பெரியது போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். மின்பணியாளர்கள் வைத்திருக்கும் சீரிஸ் போர்டில் 60 வாட் குண்டு பல்பு மாட்டி அதன் வழியே ஆம்ப்பை இணையுங்கள். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது.

மூன்று வால்வுகளையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். பல்பு பிரகாசமாக எரிந்தால் பவர் டிரான்ஸ்ஃபார்மரிலோ அதன் வயரிலோ ஷார்ட்; டிரான்ஸ்ஃபார்மரின் செகண்டரி முனைகளைப் பிரித்தும் அப்படியே எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. மங்கலாக எரிந்தால் 5ஒய்3ஐ மட்டும் மாட்டுங்கள். இப்போது பிரகாசித்தால் ரெக்டிஃபையருக்குள் ஷார்ட் அல்லது ஃபில்ட்டர் கெபாசிட்டர் ஷார்ட். ஹம்மைக் குறைக்கிறேன் என்று முதல் கெபாசிட்டரை 47 அல்லது 100 மைக்ரோஃபாரடாக மாற்றியவர்களின் ஆம்ப்களில் ரெக்டிஃபையர் இப்படிச் சாவதைப் பார்த்திருக்கிறேன். 5ஒய்3க்கு முதல் கெபாசிட்டர் 20 மைக்ரோஃபாரடைத் தாண்டாமல் இருப்பதே நல்லது. மூலச் சுற்றில் 16தான்.

6வி6ஐ மாட்டியபின்தான் பிரகாசிக்கிறது, அல்லது பிளேட் சிவக்கிறது என்றால், 8ஆம் பின்னை அளங்கள். பூஜ்யம் என்றால் கேத்தோடு கெபாசிட்டர் ஷார்ட் ஆகி பயாஸ் (வால்வின் மின்னோட்டத்தை அளவோடு வைக்கும் மின்னழுத்தம்) போய்விட்டது. 25 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் 5ஆம் பின்னைப் பாருங்கள். அங்கே நேர்மின்னழுத்தம் இருந்தால் மேலே சொன்ன கசியும் கெபாசிட்டர், இல்லையென்றால் வால்வு. 5ஒய்3க்குப் பதிலாகச் சிலிக்கான் டயோடு அல்லது 5ஏஆர்4 போட்டவர்களுக்கு ஹெச்.டி. பல பத்து வோல்ட் ஏறி, அதனாலேயே 6வி6 தன் எல்லையைத் தாண்டிச் சூடாகும். 5ஒய்3ஐத் திரும்பப் போட்டாலே தீரும்.

எப்போது கைவிட்டு மெக்கானிக்கிடம் கொடுப்பது

கிட்டாரின் தந்தியைத் தொடும்போது சுரீர் என்று ஷாக் அடித்தால், வேறு எந்தச் சோதனையும் செய்யாமல் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். தந்திகள் சேசிஸோடு இணைந்திருக்கின்றன. ஷாக் வருகிறது என்றால் சேசிஸில் மின்சாரமும் எர்த்தில் குறையும் சேர்ந்தே இருக்கின்றன. பழைய அமெரிக்க வரைபடங்கள் பல இரண்டு கம்பிப் பிளக்கோடு வரையப்பட்டவை. அவற்றை அப்படியே பின்பற்றியிருந்தால், மூன்று பின் பிளக்கும் சேசிஸில் தனி போல்ட்டில் முறுக்கிய எர்த் வயரும் வைக்கும்வரை அந்த ஆம்ப்பை யாரும் வாசிக்கக் கூடாது.

டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வார்னிஷ் கருகும் வாடை வந்தாலும், சீரிஸ் போர்டு இல்லாமல் இரண்டாவது ஃபியூஸும் போய்விட்டாலும், மின்சாரத்தோடு அளக்க உங்களுக்குக் கை நடுங்கினாலும் நிறுத்திக்கொள்ளலாம். கிட்டார் கடைகளைவிட, வால்வு ரேடியோ பழுதுபார்த்த பழைய மெக்கானிக்குகள் இந்த வேலைக்குப் பொருத்தமானவர்கள். அவர்களுக்கு இந்தச் சுற்று ஒரு ரேடியோவின் கடைசிப் பாதி மட்டுமே. அவரிடம் போகும்போது ஆம்ப்போடு ஸ்பீக்கரையும், நீங்கள் கட்டப் பயன்படுத்திய வரைபடத்தையும், அதில் நீங்கள் செய்த மாற்றங்களையும், இதுவரை எடுத்த அளவுகள் ஒவ்வொன்றையும் பின் எண் வாரியாக ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள்.